வீட்டுச் சொந்தக்காரரே வழிகாட்டியாகவும் இருக்கலாமா?

வாசகர் கேள்வி:

நானும் கணவரும் 1989இல் கனடாவுக்கு வந்தோம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கோயிலில் பழக்கமான ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஆப்கான் அகதிக் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து எடுத்தோம். தாய், தகப்பன், தகப்பனின் தாய், நான்கு பிள்ளைகள். போன நவம்பரில் வந்து இறங்கினார்கள். ஸ்காபரோவில் எங்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறது. அதன் மேல்வீட்டைக் குறைந்த வாடகைக்கு அவர்களுக்குக் கொடுத்தோம். கீழே பேஸ்மென்ற்றில் கணவரின் மருமகன் இருக்கிறார்.

குளிர்காலம் முடிவதற்குள் படுக்கையறை மூலையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. குளியலறைத் தண்ணீர் ஒழுகி மருமகனின் கட்டிலில் சொட்டுகிறது. புகை அலாரத்தைக் கழற்றி லாச்சிக்குள் வைத்திருக்கிறார்கள். குசினித் தொட்டியில் எண்ணெய் அடைத்து இரண்டு தரம் பிளம்பரைக் கூப்பிட்டோம். கிழமைக்கு மூன்று நாள் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் திறப்பு இருக்கிறதுதானே, தட்டிவிட்டு உள்ளே போவேன். பன்னிரண்டு வயது மகள்தான் மொழிபெயர்ப்பாள். தாய் எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்பார், ஆனால் ஒன்றும் மாறவில்லை. இப்போது என்னைக் கண்டால் முகம் கொடுப்பதும் குறைவு. "எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தவை? எழுப்பிவிடுவம்" என்கிறார் கணவர். வருகிற நவம்பரோடு ஸ்பொன்சர் காலம் முடிகிறது. வீட்டைப் பராமரிக்க இவர்களுக்கு எப்படிப் பழக்குவது? வாடகை ஒப்பந்தம் எழுதலாமா? இன்னும் எவ்வளவு காலம் நான் போய்வர வேண்டும்?

— ஸ்காபரோ வாசகி

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். நான் தொடங்கப்போவது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரியில்: "என்னிடம் திறப்பு இருக்கிறதுதானே."

வாடகைக்குக் கொடுத்த வீட்டின் திறப்பு சொந்தக்காரரிடம் இருப்பதில் பிழையில்லை. அதைப் பாவிப்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, சொந்தக்காரர் உள்ளே போவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். என்ன காரணத்துக்கு, எந்த நாள், எந்த நேரம் என்று அதில் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் போகலாம். பைப் வெடித்தது போன்ற அவசரம் என்றால், அல்லது கதவடியில் நின்று கேட்டு அவர்கள் சம்மதித்தால், அறிவித்தல் தேவையில்லை. தட்டிவிட்டுத் திறந்துகொண்டு போவது இதில் எதற்குள்ளும் வராது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

"ஒருநாளும் வர வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வார்கள்? விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றவர் நீங்கள். மாதச் செலவுக்கான காசு உங்கள் குழுவின் கணக்கிலிருந்து போகிறது. வீடு உங்களுடையது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு, டொக்டர், குளிர் உடுப்பு எல்லாம் உங்கள் கையால் நடந்தவை. அந்தத் தாய் யாரோடு முறைத்துக்கொண்டாலும் உங்களோடு முறைத்துக்கொள்ள முடியாது. பூஞ்சணத்தைப் பற்றி நீங்கள் அன்பாகச் சொன்னாலும், அவருடைய காதில் அது வீட்டுக்காரியின் முறைப்பாடாகத்தான் விழும். முறைப்பாட்டுக்குத் தலையாட்டலாம், அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. ஆப்கான்காரர் என்பதால் வந்த சிக்கல் இல்லை இது. வாடகை வாங்குகிறவரும் பழக்கிக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

ஆதரவு வீடமைப்பில், அதாவது வீட்டோடு உதவியும் தேவைப்படுகிறவர்களுக்கான திட்டங்களில், வேலை செய்கிறவர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். 1992இல் நியூயோர்க்கில், வீதியில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பார்ப்போம் என்று ஒரு முறை தொடங்கியது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ரொறன்ரோ, வன்கூவர், வின்னிபெக், மொன்றியல், மொங்ரன் ஆகிய ஐந்து நகரங்களில் அதைப் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். அதன் அடிப்படை விதிகளில் ஒன்று: வீடு ஒரு பக்கம், ஆதரவு இன்னொரு பக்கம். மனநோய்க்கோ போதைப்பழக்கத்துக்கோ சிகிச்சை பெறச் சம்மதித்தால்தான் வீடு என்று நிபந்தனை வைப்பதில்லை. வீட்டுக்காரர் வீட்டுக்காரராக இருப்பார், உதவிக்கு வருகிறவர் வேறு ஆளாக இருப்பார். அகதிக் குடும்பத்தின் கதை வீதியில் வாழ்ந்தவரின் கதையிலிருந்து வேறுதான். ஆனாலும் உங்கள் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதல் வேலை, வேடங்களைப் பிரிப்பது. வீட்டுச் சொந்தக்காரர் வேலையை உங்கள் கணவர் பார்க்கட்டும். திருத்த வேலை, வாடகை, அறிவித்தல் எல்லாம் அவருடைய பெயரில், எழுத்தில், மரியாதையாக நடக்கட்டும். மாதக் காசு விஷயத்தை ஐந்து பேரில் உங்கள் இருவரையும் தவிர்த்த இன்னொருவர் பொறுப்பெடுக்கட்டும். வீட்டைப் பராமரிக்கப் பழக்குகிற வேலைக்கு உங்கள் ஐவரில் யாருமே வேண்டாம்.

பிறகு யார்? இதற்குப் பதில் உங்கள் கணவரின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தவை?" நியாயமான ஆதங்கம்தான். 1986இல் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்து, மீன்பிடிப் படகுக்காரரால் மீட்கப்பட்டதிலிருந்து அடுத்த சில ஆண்டுகளில் வந்த பலருக்கு ஸ்பொன்சரும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. ஆனால் ஐயாவிடம் ஆறுதலாகக் கேட்டுப்பாருங்கள். அந்தக் காலத்தில் சென்ற் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் ஓர் அறைக்குள் நாலைந்து பேராக இருந்தவர்களுக்கு, எந்த உடுப்பு மெஷினில் எத்தனை குவாட்டர் (25 சதக் காசு) போட வேண்டும், குப்பையை எந்தத் துவாரத்தில் போட வேண்டும், கறி தாளிக்கும்போது எந்த யன்னலைத் திறக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக் கதவு அண்ணை சொல்லித்தான் இருப்பார். அவர் ஆறு மாதம் முந்தி வந்தவராக இருந்திருப்பார். அதே பிழையெல்லாம் விட்டு ஏச்சு வாங்கியவராகவும் இருந்திருப்பார். தமிழில் சொன்னதால் வெட்கமும் இருந்திருக்காது. உங்கள் ஆப்கான் குடும்பம் இருப்பது தனி வீடுகள் உள்ள தெருவில். மேலும் கீழும் பக்கத்திலும் அவர்களுடைய டாரி மொழி பேசுகிற ஒரு கதவு கிடையாது. அவர்களுக்கு இல்லாமல் போனது அந்த அண்ணைதான்.

அப்படி ஒருவரைத் தேடிக் கொடுங்கள். ரொறன்ரோவில் தோர்ன்கிளிஃப் பார்க் பக்கம் ஆப்கான் குடும்பங்கள் நிறைய. 1990இல் தொடங்கிய ஆப்கான் பெண்கள் அமைப்பு இங்கே குடியேற்ற உதவிகளைச் செய்துவருகிறது. உங்கள் பகுதிக் குடியேற்ற அமைப்புகளிலும் விசாரிக்கலாம். கேட்க வேண்டியது இதுதான்: இங்கே வந்து நாலைந்து குளிர்காலம் கண்ட, வாடகை வீட்டில் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திய ஓர் ஆப்கான் பெண். படித்தவரா, வேலை பார்க்கிறவரா என்பதெல்லாம் பிறகு. பெண்ணாக இருந்தால்தான் குசினியிலும் குளியலறையிலும் நின்று கதைக்க முடியும், கிழவியும் கூட வந்து உட்கார்வார். சும்மா வரச் சொல்லாதீர்கள். பஸ் காசும், மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் உங்கள் கைக்காசில் கொடுங்கள், குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் கை வைக்க வேண்டாம். காசு வாங்கிச் செய்கிற வேலை என்றால் நேரத்துக்கு வருவார், தாயும் அவரிடம் கடன்பட்டதாக நினைக்க மாட்டார்.

அவர் வருவதற்கு முன் உங்கள் கணவர் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

குளியலறைக்குப் போய் எக்ஸோஸ்ற் ஃபானைப் போட்டுவிட்டு, கழிவறைக் கடுதாசியில் ஒரு சின்னத் துண்டைக் கிழித்து அதன் வாயில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபான் கடுதாசியை இழுத்து ஒட்டிவைத்துக்கொண்டால் நல்லது. சத்தம் மட்டும் போட்டுக் கடுதாசி கீழே விழுந்தால், அந்த ஃபான் காற்றை இழுக்கவில்லை. பழைய ஸ்காபரோ வீடுகளில் இது சர்வசாதாரணம். குழாயில் தூசி அடைத்திருக்கும், அல்லது குழாய் கழன்று கூரைக்கு அடியிலேயே ஈரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஏழு பேர் குளிக்கிற வீட்டில் அப்படியொரு ஃபான் இருந்தால், யாருக்கு என்ன பாடம் நடத்தியும் பூஞ்சணம் போகாது. வீட்டைத் திருத்தமான நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை. குடியிருப்பவரின் கடமை அன்றாடச் சுத்தமும், வேண்டுமென்றோ கவனயீனத்தாலோ ஏற்படுத்திய சேதத்துக்குப் பொறுப்பேற்பதும். செத்த ஃபானால் வந்த பூஞ்சணத்தை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

குளியல் தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பசை வெடித்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். மருமகனின் கட்டிலுக்கு மேல் சொட்டுகிற தண்ணீருக்கு இரண்டு வழி இருக்கலாம். ஒன்று அந்த வெடிப்பு. மற்றது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, பெரியவர்கள் மூன்று பேர். காபூலிலோ ஹெராத்திலோ சீமெந்துத் தரை, தண்ணீர் ஓடுவதற்கு ஒரு துவாரம், பிறகு விளக்குமாறால் தள்ளிவிட்டால் முடிந்தது. கிணற்றடியில் கால் கழுவி வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே குளியலறைத் தரையில் துவாரம் இல்லை. ஓட்டுக்குக் கீழே மரம், சுவருக்குள்ளே கடுதாசி போர்த்திய ஜிப்சம் பலகை, ஈரம் பட்டால் உறிஞ்சி ஊதிப்போகும். நிலத்தில் தண்ணீர் ஊற்றாதே என்பதை விட்டுவிட்டு, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினால் யாருக்கும் விளங்கும். ஹோம் டிப்போவில் உடைந்த பலகைத் துண்டு ஒன்றை வாங்கி வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்தால் போதும், பிள்ளைகளே வந்து பார்த்துவிட்டுப் பாட்டிக்குச் சொல்வார்கள்.

காட்டினால் மட்டும் போதாது, கால் கழுவ ஓர் இடமும் வேண்டும். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே கால் வைத்துக் கழுவ, வழுக்காத ஒரு ரப்பர் விரிப்பும் கையில் பிடிக்கிற ஷவரும் இருந்தால் தரை நனையாது. கழிவறையில் தண்ணீர் பாவிக்கிற குடும்பம் என்பதால் அங்கே ஒரு சின்னக் கை ஷவரைக் கணவரே பூட்டிக் கொடுக்கலாம். பாவித்த பிறகு சுவரடி வால்வை மூடப் பழக்க வேண்டும், அமுக்கத்தோடு விட்ட குழாய் ஒரு நாள் வெடிக்கும். சுவரோடு இறுக்கிப் பூட்டிய கைபிடி ஒன்றையும் தொட்டியடியில் வையுங்கள், அது கிழவிக்கு. அவருக்கு நடக்கவோ குளிக்கவோ உதவி தேவை என்றால் வீட்டுப் பராமரிப்புச் சேவையான ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோமைக் குடும்பமே நேராக அழைத்துக் கேட்கலாம், டொக்டரின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

புகை அலாரத்தை மட்டும் வழிகாட்டி வரும்வரை தள்ளிப்போட முடியாது, இன்றைக்கே பூட்ட வேண்டும். ஒன்ராறியோ தீத் தடுப்பு விதியின்படி ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் அறைகளுக்கு வெளியிலும் அலாரம் இருக்க வேண்டும். அதைப் பூட்டி வேலை செய்கிற நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு, கழற்றுவது யார் செய்தாலும் குற்றம். ஆனால் ஏன் கழற்றினார்கள் என்று யாராவது கேட்டீர்களா? வெங்காயத்தைக் கருகக் கருகப் பொரிப்பதில்தான் அவர்களுடைய புலாச் சோற்றின் நிறமே வருகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற அலாரம் நாளுக்கு இரண்டு தரம் அலறியிருக்கும். போரிலிருந்து வந்த வீட்டில் அந்தச் சத்தம் சும்மா எரிச்சலோடு முடிகிற சத்தமும் இல்லை. சமையல் புகைக்குக் குறைவாக அலறுகிற ஒளிமின் வகை அலாரம் கடையில் கிடைக்கும். அமைதிப்படுத்தும் பொத்தானும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பூட்டுங்கள். பகல் நேரத்தில், முன்கூட்டியே சொல்லி, பிள்ளைகளின் விரலாலேயே அழுத்திச் சோதிக்கச் செய்யுங்கள். இதற்கும் 24 மணி நேர அறிவித்தலா என்றால், கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லி உள்ளே வரலாமா என்று கேளுங்கள், விடுவார்கள்.

இப்போது பூஞ்சணம். ஆப்கான் வீடுகளில் தோஷக் என்று ஒரு மெத்தை, பகலில் சுவரோரம் சாய்ந்து உட்காரவும் சில வீடுகளில் இரவில் படுக்கவும். உங்கள் படுக்கையறை மூலையில் பூஞ்சணம் பிடித்த சுவர் வெளிச்சுவராகத்தான் இருக்கும். அதை ஒட்டித் தோஷக் கிடந்திருக்கும். குளிரில் அந்தச் சுவர் சில்லிட்டுப்போகும், மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடாது, வீட்டின் ஈரம் முழுவதும் அங்கே வந்து வியர்க்கும். மரச்சட்டம் போட்ட தட்டு ஒன்றின் மேல் மெத்தையை வைத்து, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி விட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, உடுப்பை அறைக்குள் காயவிடாமல் மெஷினில் காயவிடுவது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்துதான் பலர் அறைக்குள் கயிறு கட்டுகிறார்கள். இரவு 7 மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறிலும் கட்டணம் குறைவான திட்டம் இருக்கிறது, வருமானம் குறைந்த வீடுகளுக்கு மாதாமாதம் பில்லில் கழித்துவிடுகிற ஒன்ராறியோ மின்சார உதவித் திட்டமும் இருக்கிறது. பில் அவர்களுடைய பெயரில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஹீற்றை 17, 18 என்று இறக்கி வைத்துச் சேமிக்கப் பார்க்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சுவர் இன்னும் குளிர்ந்து பூஞ்சணம் இன்னும் கூடும். ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் முள் 50ஐத் தாண்டினால் ஃபானைப் போடு என்று மட்டும் சொன்னால் போதும், மொழி தேவையில்லை.

எண்ணெய் விஷயம் சின்னது. ஆறிய எண்ணெயை வெறும் தகரப் பேணியில் ஊற்றி வைப்பது, சட்டியைப் பேப்பர் ரவலால் துடைத்து, அந்தப் பேப்பரை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடுவது. ஒரு நாள் காட்டினால் போதும்.

வழிகாட்டிப் பெண் வரும்போது எதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிசை வையுங்கள். ஆளைக் கொல்லக்கூடியவை முதலில்: அலாரம், எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுவது, உடுப்புக் காயவைக்கிற மெஷினில் சேர்கிற பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுப்பது. அடுத்தது தண்ணீரை மொத்தமாக நிறுத்துகிற வால்வும் மின்சாரப் பிறேக்கர் பெட்டியும் எங்கே என்பது. அவை பேஸ்மென்ற்றில், மருமகனின் பக்கம் இருந்தால் நடு இரவில் அவர்கள் எப்படிப் போவார்கள் என்று ஐயாவும் மருமகனும் முடிவு செய்து சொல்ல வேண்டும். ஈரம், பூஞ்சணம் அதற்குப் பிறகு. ஒரு வருகைக்கு ஒரு விஷயம். வாயால் சொல்லிக் கேட்க வைப்பதைவிட, தாயின் கையால் செய்ய வைப்பது நல்லது. அடுத்த முறை வரும்போது தாய் அதைக் கிழவிக்குக் காட்டட்டும். குசினிச் சுவரில் அந்த வீட்டின் சாமான்களையே எடுத்த படங்கள் நாலைந்து ஒட்டலாம். இலவசமாகக் கிடைக்கிற மெத்தை, சோபா எதையும் வீதியோரத்திலிருந்து தூக்கி வரக் கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும். மூட்டைப்பூச்சி வந்தால் பிறகு நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அழ வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இனி மொழிபெயர்க்கக் கூப்பிடாதீர்கள், ரீச்சர். "இந்தக் குடும்பம் வீட்டை நாசமாக்கிவிட்டது" என்று உங்கள் கணவர் சொன்னால், அதைத் தன் தகப்பனின் முகத்தைப் பார்த்து டாரியில் சொல்ல வேண்டிய நிலை அவளுக்கு. அவள் பாதியை விழுங்கித்தான் சொல்லியிருப்பாள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நீங்கள் சொன்னது தாய்க்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இப்போது யாருக்குத் தெரியும்?

எழுப்பிவிடுவது பற்றி. சட்டம் தெரியாமல் ஐயா ஏதும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சேதத்துக்காக ஒருவரை வெளியேற்ற என்-5 படிவம் கொடுக்க வேண்டும். முதல் தரம் கொடுத்தால், ஏழு நாளுக்குள் திருத்திவிட்டால் அது செல்லாது. பிறகும் வாடகைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும். பூட்டை மாற்றுவதும் தண்ணீர், ஹீற்றை நிறுத்துவதும் சட்டவிரோதம். "மகன் வந்து இருக்கப்போகிறான்" என்று என்-12 கொடுத்தால் 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகைக்குச் சமமான இழப்பீடும் கொடுக்க வேண்டும். பொய்க் காரணம் என்று தெரியவந்தால் பெரிய தண்டம். இவ்வளவுக்கும், மேலே சொன்ன ஃபானும் பசையும் சரியில்லை என்றால், தீர்ப்பாயத்தில் பதில் சொல்ல வேண்டியவர் ஐயாவாகத்தான் இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஸ்பொன்சர் செய்து வந்தவர்கள் ஸ்பொன்சரின் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர்களுக்கு வேறிடம் விருப்பம் என்றால் குழு அதற்கும் உதவ வேண்டும். பக்குவமாக, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு தரம் கேட்டுப்பாருங்கள். தோர்ன்கிளிஃப் பார்க்கில் நெருக்கமான ஒரு தொடர்மாடியை உங்கள் விசாலமான வீட்டைவிட அவர்கள் விரும்பக்கூடும். அப்படியென்றால் கோபிக்க வேண்டாம்.

அங்கேயே இருக்க விரும்பினால், நவம்பருக்குப் பிறகு வாடகை எங்கிருந்து வரும் என்று இப்போதே கணக்குப் போட வேண்டும். பன்னிரண்டு மாதத்தோடு உங்கள் பொறுப்பு முடியும். தகப்பனின் சம்பளம் போதாவிட்டால் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற அரசின் சமூக உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதில் வீட்டுக்கென்று தருகிற தொகையை நம்பி யாரும் ரொறன்ரோவில் வாடகை கட்ட முடியாது. தனியாளுக்கு மாதம் 390 டொலர், பெரிய குடும்பத்துக்கும் ஆயிரத்தைத் தொடாது. குடும்பத்தைத் தாங்கப்போவது பிள்ளைகளுக்கான கொடுப்பனவு. 2025 யூலை முதல் 2026 யூன் வரையான காலத்துக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டொலர் வரை, 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர் வரை. நான்கு பிள்ளைகள் என்றால் வாடகையில் பெரும் பங்கு. தாயும் தகப்பனும் ஒவ்வொரு வசந்தத்திலும் வரி விபரம் கொடுக்காவிட்டால் அது நின்றுபோகும். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது காசுப் பொறுப்பெடுத்த அந்த மூன்றாம் ஆள். வருமானத்தில் 30 வீதம் மட்டும் வாடகையாகக் கட்டுகிற சமூக வீடுகளின் பட்டியலிலும் இப்போதே பெயரைப் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வரிசை அது.

ஒப்பந்தம் கட்டாயம் எழுதுங்கள். ஒன்ராறியோ அரசின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவத்தில், தாய், தகப்பன் இருவருடைய பெயரிலும். முற்பணமாகக் கடைசி மாத வாடகை மட்டும் கேட்கலாம், சேத வைப்பு என்று தனியாக எதுவும் வாங்க முடியாது. பனி அள்ளுவது அவர்கள் வேலை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் சரி என்று நினைக்க வேண்டாம், சட்டப்படி அது உங்கள் பொறுப்பு. அவர்கள் செய்வதென்றால் வேறாக, கூலி பேசி எழுத வேண்டும். வாடகைத் தொகையை எழுதும்போது நன்றாக யோசியுங்கள். இரக்கப்பட்டு மிகக் குறைத்து எழுதிவிட்டு அடுத்த வருடம் சந்தை விலைக்கு ஏற்ற முடியாது. வருடத்துக்கு ஒரு தரம், 90 நாள் அறிவித்தலோடு, அரசு சொல்கிற வீதம்தான். 2025க்கு அது 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். வாடகை வாங்கினால் மாதாமாதம் ரசீது கொடுங்கள். அடுத்த வீடு தேடும்போது கனடாவில் அவர்களிடம் இருக்கிற ஒரே சான்று அதுதான்.

நீங்கள் எவ்வளவு காலம் போய்வர வேண்டும் என்று கேட்டீர்கள். வீடு பார்க்க இனிப் போக வேண்டாம். அவர்கள் கூப்பிட்டால் விருந்தாளியாகப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், மூலைச் சுவரைப் பார்க்காதீர்கள். நான்கு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு ரீச்சர் பெரிய கொடை. சனிக்கிழமையில் பக்கத்து நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள், அவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் நாளை செப்டெம்பருக்குள் வையுங்கள். ஹீற் போடத் தொடங்குவதற்கு முன் ஃபானும் பசையும் முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கு மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். குடியேற்ற அமைப்பு ஒன்றின் மூலம் டாரி மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியிலாவது பிடியுங்கள். ஒப்பந்தத்தை வாசித்துக் காட்ட ஒரு மணி நேரம், அவர்கள் கேள்வி கேட்க இன்னொரு மணி நேரம் என்று கேட்டு வையுங்கள்.